நிறுவனத்துக்குள் லஞ்சமும் கமிஷனும் புகாமல் தடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

'லஞ்சம்' என்ற தலைப்பில் எந்த நிறுவனத்தின் லெட்ஜரிலும் ஒரு வரி இருக்காது. ஆலோசனைக் கட்டணம், விற்பனை ஊக்கத்தொகை, அவசரப் பழுதுபார்ப்பு, போக்குவரத்து, நன்கொடை, இதர செலவு என்று வேறொரு பெயரில்தான் அந்தப் பணம் போயிருக்கும். அது வெளியே போக ஒரு பில் வேண்டும், பில்லின் மேல் ஒரு கையெழுத்து வேண்டும், கையெழுத்துப் போட்டவரைக் கேள்வி கேட்க ஆளில்லாத சூழல் வேண்டும். இந்த மூன்றையும் தேடி அடைப்பதுதான் ஊழல் தடுப்பு. வரவேற்பறையில் மாட்டிய நேர்மை உறுதிமொழியால் இதில் எதுவும் அடைபடாது.

பர்ச்சேஸில் இருப்பவர் சப்ளையரிடம் வாங்கும் கமிஷனின் கதை வேறு. அது நம் கணக்கில் தனியாகத் தெரியவே தெரியாது. பொருளின் விலையிலோ தரத்திலோ எடையிலோ கரைந்திருக்கும். வெளியே கொடுக்கும் லஞ்சத்தைக் கணக்குப் புத்தகத்தில் தேட வேண்டும், உள்ளே வாங்கும் கமிஷனை ஸ்டோர்ஸிலும் விலைப்பட்டியலிலும் தேட வேண்டும். ஒரே சோதனையை வைத்து இரண்டையும் பிடிக்கப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் இரண்டையும் கோட்டை விடுகிறார்கள்.

சட்டம் எதைப் பார்க்கிறது

அமெரிக்காவின் வெளிநாட்டு ஊழல் தடுப்புச் சட்டம் 1977-ல் வந்தபோதே, லஞ்சம் கொடுப்பதோடு நிற்காமல், பங்குச் சந்தையில் உள்ள நிறுவனங்கள் கணக்கைப் பொய்யாக எழுதுவதையும் தனிக் குற்றமாக்கியது. 2008-ல் சீமென்ஸ் நிறுவனம் அங்கே குற்றத்தை ஒப்புக்கொண்டதும் கணக்குப் பதிவு, உள்கட்டுப்பாடு தொடர்பான பிரிவுகளின் கீழ்தான். அமெரிக்க, ஜெர்மன் அதிகாரிகளுக்கு அது கட்டிய மொத்தத் தொகை சுமார் 160 கோடி டாலர். அந்த வழக்கு ஆவணங்களில் ஒரு விவரம் இருக்கிறது: பணம் வழங்க அனுமதித்தவர்களின் கையெழுத்து, படிவத்தின் மேல் ஒட்டிய சிறு மஞ்சள் தாளில் இருந்தது. வேலை முடிந்ததும் தாளை உரித்துவிடலாம். யார் அனுமதித்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

பிரிட்டனின் 2010 லஞ்சச் சட்டம் இன்னொரு படி மேலே போனது. நிறுவனத்தின் சார்பில் செயல்படும் யாராவது நிறுவனத்துக்காக லஞ்சம் கொடுத்து, அதை நிறுவனம் தடுக்கத் தவறினால் அதுவே குற்றம். 'போதுமான நடைமுறைகள் வைத்திருந்தோம்' என்று நிரூபிப்பது மட்டுமே தற்காப்பு. இந்தியாவில் ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தமும், மலேசியாவில் ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தில் 2020 ஜூனில் நடைமுறைக்கு வந்த 17ஏ பிரிவும் இதே வழியில்தான் போகின்றன.

'நாங்கள் சின்ன கம்பெனி, எங்களுக்கு இதெல்லாம் எதற்கு' என்பவர்கள் ஸ்கான்சன் இன்டீரியர்ஸ் வழக்கைப் பார்க்க வேண்டும். பிரிட்டனின் அந்தச் சட்டத்தின் கீழ் வழக்கைச் சந்தித்த, சுமார் 30 பேர் வேலை செய்த லண்டன் நிறுவனம் அது. எல்லோரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறோம், இந்த அளவுக்கு ஏற்ற கட்டுப்பாடு இருந்தது என்று வாதாடியது. 2018-ல் ஜூரி அதை ஏற்கவில்லை. விஷயத்தைத் தானே முன்வந்து அதிகாரிகளிடம் சொன்ன நிறுவனம் என்பதும் அதைக் காப்பாற்றவில்லை.

படி 1: பணம் திசைமாறும் இடங்களை வரையுங்கள்

கொள்கை எழுதுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. கடந்த 24 மாதங்களின் எல்லாக் கொடுப்பனவுகளையும் ஒரே விரிதாளில் இறக்கி, பெறுபவர் வாரியாக அடுக்குங்கள். ஒவ்வொரு வகைக்கும் நான்கு கேள்விகள்: யார் கேட்டார், யார் அனுமதித்தார், வேலை நடந்ததை யார் பார்த்தார், யார் பணம் அனுப்பினார்? நான்கில் எந்த இரண்டுக்கும் ஒரே பெயர் வந்தால் அந்த வரிக்குச் சிவப்பு அடியுங்கள்.

இந்தப் பயிற்சியை மேலாளர்கள் மட்டும் கூடிச் செய்தால் படம் அழகாக வரும், உண்மையாக வராது. கேஷியர், ஸ்டோர் கீப்பர், உரிமம் புதுப்பிக்க அலுவலகம் அலுவலகமாக அலையும் ஊழியர், லாரி அனுப்பும் பொறுப்பாளர் ஆகியோரைத் தனித்தனியே உட்கார வைத்து, 'எந்த இடத்தில் வேலை நகர ஏதாவது எதிர்பார்க்கிறார்கள்?' என்று கேளுங்கள். யாரையும் மாட்டிவிடுவதற்காகக் கேட்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வழக்கமாக விட்டுப்போகும் இடங்கள்: ஸ்கிராப் விற்பனை, ஆள் சேர்ப்பு, வாடகை ஒப்பந்தங்கள், நன்கொடை, ஸ்பான்சர்ஷிப், தரப் பரிசோதனைச் சான்றிதழ்கள். ஸ்கிராப்பை யாரும் கவனிக்கமாட்டார்கள். எடை போடுபவரும் விலை பேசுபவரும் ஒருவராகவே இருப்பார், அதிலும் பாதி ரொக்கமாக வரும்.

படி 2: சப்ளையர் பட்டியலைச் சுத்தம் செய்யுங்கள்

போலி பில்லுக்கு முதல் தேவை, பட்டியலில் ஒரு பெயர். ஆகவே புதிய சப்ளையரைச் சேர்க்கும் அதிகாரம் பர்ச்சேஸ் துறையிடம் இருக்கக் கூடாது. பணம் அனுப்புபவரிடமும் கூடாது. மூன்றாவது ஒருவர், பதிவுச் சான்று, வரி எண், வங்கிக் கணக்கு யார் பெயரில் உள்ளது, உண்மையான உரிமையாளர் யார் என்ற நான்கையும் பார்த்த பிறகே சேர்க்க வேண்டும்.

ஏற்கெனவே இருக்கும் பட்டியலுக்கு இந்தச் சோதனைகளைச் செய்யுங்கள்:

- சப்ளையர்களின் வங்கிக் கணக்கு எண், தொலைபேசி, முகவரி ஆகியவற்றை ஊழியர்களின் விவரங்களோடு பொருத்திப் பாருங்கள். ஊழியர் பதிவில் அவசரத் தொடர்புக்குக் கொடுத்த எண்ணையும் சேர்த்துப் பொருத்துங்கள். மைத்துனரின் கம்பெனி அங்கேதான் சிக்கும்.
- ஒரே சப்ளையரின் பில் எண்கள் அடுத்தடுத்து வருகின்றனவா? 101, 102, 103 என்று மூன்று மாதமும் வந்தால், அவருக்கு நம்மைத் தவிர வேறு வாடிக்கையாளரே இல்லை என்று அர்த்தம்.
- சேர்த்த வாரத்திலேயே முதல் பெரிய பில் வந்திருக்கிறதா?
- 18 மாதமாகப் பரிவர்த்தனை இல்லாத பெயர்களை முடக்கிவிடுங்கள். தூங்கும் பெயரை எழுப்பி அதில் பணம் அனுப்புவது பழைய உத்தி.

வங்கிக் கணக்கை மாற்றச் சொல்லி மின்னஞ்சல் வந்தால், அந்த மின்னஞ்சலில் உள்ள எண்ணை அழைக்காதீர்கள். ஏற்கெனவே கோப்பில் உள்ள எண்ணை அழைத்து உறுதி செய்யுங்கள்.

படி 3: கொள்முதல்

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். மூன்று கொட்டேஷன் வாங்கும் விதியை எல்லோரும் வைத்திருக்கிறார்கள். அந்த மூன்றும் ஒரே மேசையில் தயாரானவையா என்று பார்ப்பவர்கள் குறைவு. ஓர் எடுத்துக்காட்டு. ஜெயித்தவரின் விலைகள் 100, 250, 40. இரண்டாமவர் 108, 270, 43.20. மூன்றாமவர் 112, 280, 44.80. ஒவ்வொரு வரியும் சரியாக 8 சதவீதமும் 12 சதவீதமும் ஏறியிருக்கிறது. தனித்தனியாக விலை போடும் மூன்று வியாபாரிகளுக்கு இப்படி வராது. ஒருவர் ஒரு பொருளில் மலிவு, இன்னொருவர் இன்னொன்றில் மலிவு என்று குறுக்கும் நெடுக்குமாகத்தான் வரும். ஒரே எழுத்துப்பிழை மூன்றிலும் இருப்பது, கோப்பின் பண்புகளில் உருவாக்கியவர் பெயர் ஒன்றாக இருப்பது, மூன்றும் ஒரே மணி நேரத்தில் உருவாகியிருப்பது ஆகியவையும் அதே கதைதான்.

கொட்டேஷன் வரும் முகவரியை மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும். பர்ச்சேஸ் ஊழியரின் சொந்த மின்னஞ்சலுக்கு வராமல் பொது முகவரிக்கு வரட்டும். கடைசி நேரம் முடியும்வரை யாரும் திறக்காதபடி பூட்டி, இருவர் சேர்ந்து திறக்கட்டும். முன்கூட்டியே ஒருவர் விலையைப் பார்க்க முடிந்தால், அந்த விலை வெளியே போய்விட்டதாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

விலைக்கு முன்பே ஆட்டம் முடிந்துவிடுவதும் உண்டு. தேவை விவரக்குறிப்பை ஒரே ஒரு சப்ளையரின் பொருளுக்குப் பொருந்தும்படி எழுதிவிட்டால், அதற்குப் பிறகு டெண்டர் எவ்வளவு நேர்மையாக நடந்தாலும் பயனில்லை. குறைந்தது இரண்டு வேறு தயாரிப்புகளாவது பொருந்துகின்றன என்று விவரக்குறிப்பை எழுதியவர் எழுத்தில் தர வேண்டும் என்பது எளிய விதி.

ஆர்டர் கொடுத்த பிறகு வரும் 'கூடுதல் வேலை' இன்னொரு கதவு. மிகக் குறைந்த விலையில் எடுத்துவிட்டு, பிறகு ஒவ்வொன்றாக ஏற்றுவார்கள். இதிலேயே நுட்பமான வகை ஒன்று இருக்கிறது: எந்த வேலை பிறகு ரத்தாகும், எந்த அளவு கூடும் என்று உள்ளே இருப்பவர் முன்பே சொல்லிவிடுவார். ரத்தாகப் போவதற்கு அடிமாட்டு விலையும், கூடப் போவதற்கு அதிக விலையும் போட்டு மொத்தத்தில் மலிவானவராக ஜெயிப்பார் சப்ளையர். பிடிக்க வழி: முடிந்த ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் தொடக்க மதிப்பையும் இறுதி மதிப்பையும் அருகருகே எழுதி, ஆர்டர் கொடுத்தவர் வாரியாகவும் சப்ளையர் வாரியாகவும் அடுக்குங்கள். கூடுதல்கள் சேர்ந்து 10 சதவீதத்தைத் தாண்டினால் ஒரு படி மேலே உள்ளவர் முழுத் தொகையையும் பார்த்து அனுமதிக்க வேண்டும். அந்தக் கூடுதலை மட்டும் பார்த்து அல்ல.

பணம் கொடுக்குமுன் ஆர்டர், சரக்கு வரவுச் சீட்டு, பில் ஆகிய மூன்றும் அளவிலும் விலையிலும் பொருந்த வேண்டும். மென்பொருள் இதைத் தானாகச் செய்யும். ஆனால் வரவுச் சீட்டை ஆர்டரைப் பார்த்து அப்படியே நிரப்பும் ஸ்டோர்ஸில் இந்தப் பொருத்தத்துக்கு மதிப்பில்லை. ஸ்டோர் கீப்பருக்கு அளவு மறைக்கப்பட்ட ஆர்டர் நகலைக் கொடுங்கள். எண்ணித்தான் எழுத வேண்டியிருக்கும்.

பிரித்துக் கொடுக்க ஆளில்லாத சிறு நிறுவனத்தில் என்ன செய்வது? வங்கி அறிக்கை உரிமையாளரின் கைபேசிக்கே நேராக வரட்டும், கணக்காளர் அச்சடித்துத் தரும் நகல் வேண்டாம். பர்ச்சேஸ், கணக்கு இரண்டிலும் இருப்பவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை தொடர்ச்சியாகப் பத்து வேலை நாளாவது விடுப்பில் போக வேண்டும். அந்த நாட்களில் அந்த வேலையை வேறொருவர் நிஜமாகவே பார்க்க வேண்டும். ஒருநாள் கூட லீவு எடுக்காத உழைப்பாளியைப் பாராட்டுமுன், அவர் இல்லாத நாளில் எந்த சப்ளையர் பதறுகிறார் என்று பாருங்கள்.

படி 4: பில் பாஸாகும் வரிசையைத் திறந்து வையுங்கள்

ஊழல் தடுப்புத் திட்டங்களில் இது அபூர்வமாகத்தான் இடம்பெறுகிறது. நல்ல சப்ளையரையும் லஞ்சம் கொடுக்கப் பழக்குவது தாமதமான பணம்தான். 30 நாளில் வர வேண்டியது 90 நாளாகியும் வரவில்லை, யாரைக் கேட்டாலும் 'டேபிளில் இருக்கிறது' என்கிறார்கள் என்றால், அவர் கடைசியில் அந்த டேபிளில் இருப்பவரைக் 'கவனிக்க' ஆரம்பிப்பார்.

பில் வந்த தேதிதான் வரிசை எண். ஒவ்வொரு பில்லும் பதிவானதா, சரிபார்ப்பில் இருக்கிறதா, அனுமதி கிடைத்ததா, பணம் எந்தத் தேதியில் போகும் என்பதை சப்ளையரே இணையத்தில் பார்க்க வழி செய்யுங்கள். முடியாவிட்டால் வாரம் ஒருமுறை அவரவர் பில்லின் நிலையை அவரவருக்கு அனுப்புங்கள். வரிசையைத் தாண்டி ஒரு பில்லுக்குப் பணம் போனால் காரணமும் அனுமதித்தவர் பெயரும் பதிவாக வேண்டும். பில்லை ஆட்சேபிப்பதானால் ஐந்து வேலை நாளுக்குள் எல்லாக் குறையையும் ஒரே தடவையில் சொல்லிவிட வேண்டும். இன்று ஒன்று, அடுத்த வாரம் ஒன்று என்று குறை கண்டுபிடிப்பது பேரத்துக்கான அழைப்பு.

டெண்டரில் தோற்றவர்களுக்கு ஏன் தோற்றார்கள் என்று எழுத்தில் சொல்லுங்கள். விஷயம் தெரிந்த போட்டியாளரைவிடக் கூர்மையான கண்காணிப்பாளர் கிடைப்பது அரிது, சம்பளமும் இல்லை.

படி 5: ஏஜென்ட், ஆலோசகர், இடைத்தரகர்

வெளிநாட்டு அதிகாரிகளுக்குப் போகும் பெரிய லஞ்சங்கள் பெரும்பாலும் இவர்கள் வழியாகத்தான் போகின்றன. நியமிக்குமுன் மூன்றுக்கு விடை எழுதுங்கள்: இவர் செய்யும் வேலை என்ன, அதை நம் ஆட்களால் ஏன் செய்ய முடியாது, இந்தக் கமிஷன் விகிதம் எந்தக் கணக்கில் வந்தது? வாடிக்கையாளரே 'இவரை வைத்துக்கொள்ளுங்கள்' என்று பெயர் சொன்னால் அங்கேயே நின்று யோசியுங்கள்.

ஒப்பந்தத்தில் கட்டாயம் இருக்க வேண்டியவை: அவர் பெயரிலேயே உள்ள கணக்குக்கு, வேலை நடக்கும் நாட்டிலேயே பணம் தரப்படும், அவருடைய கணக்குகளைப் பார்க்க நமக்கு உரிமை உண்டு, துணை ஏஜென்ட்டை வைக்க முன் அனுமதி வேண்டும், மீறினால் உடனே ரத்து. ஒவ்வொரு பில்லோடும் செய்த வேலைக்கான சான்று வர வேண்டும்: சந்திப்புக் குறிப்பு, அறிக்கை, வரைவு என்று ஏதாவது. 'தொடர்புப் பணிகள்' என்று ஒற்றை வரியில் வரும் பில்லைத் திருப்பி அனுப்புங்கள்.

படி 6: பரிசு, விருந்து, 'ஸ்பீடு மணி'

பரிசுக்கு ஒரு உச்சவரம்பு வைத்து, கொடுப்பதையும் வாங்குவதையும் ஒரே பதிவேட்டில் எழுதுங்கள். ரொக்கமும், ரொக்கம் போலப் பயன்படும் பரிசு அட்டையும் எந்தத் தொகையிலும் கூடாது. டெண்டர் திறந்திருக்கும் காலத்தில் எதுவுமே கூடாது. ஒருவருக்கு ஆண்டில் சேர்ந்த மொத்தத்தைப் பார்க்காமல் தடவைக்கு இவ்வளவு என்று மட்டும் வரம்பு வைத்தால், சின்னச் சின்னதாகப் பன்னிரண்டு தடவை போகும்.

வழக்கமான வேலையை வேகப்படுத்தக் கொடுக்கும் சிறு தொகைக்கு அமெரிக்கச் சட்டத்தில் ஒரு குறுகிய விலக்கு இருக்கிறது. பிரிட்டன் சட்டத்தில் கிடையாது. விலக்கை நம்பித் திட்டம் போடாதீர்கள். 'கொடுக்காதே' என்று மட்டும் சொல்லிவிட்டு ஊழியரைக் கவுண்டரில் தனியாக நிற்க வைப்பதும் நியாயமில்லை. அவருக்குச் சொல்ல வேண்டிய வரிகளைக் கொடுங்கள்: 'கட்டணம் எவ்வளவு என்று எழுதிக் கொடுங்கள், ரசீதோடு கட்டுகிறேன்', 'எங்கள் நிறுவனத்தில் ரசீது இல்லாமல் பணம் எடுக்க முடியாது'. அதோடு விண்ணப்பத்தைக் கெடு தேதிக்கு மிக முன்பே போடுங்கள். நாளைக் காலை கப்பல் கிளம்புகிறது என்ற நிலையில் எந்தக் கொள்கையும் நிற்காது. உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்றால் கொடுத்துவிட்டு, 24 மணி நேரத்துக்குள் எழுத்தில் தெரிவித்து, கணக்கில் நடந்ததை நடந்தபடியே எழுத வேண்டும்.

படி 7: வவுச்சர் ஒழுக்கம்

'இதர செலவு' தலைப்புக்கு மாத வரம்பு வையுங்கள்; தாண்டினால் பிரித்து எழுதும்வரை கணக்கை மூட வேண்டாம். முன்கூட்டியே கையெழுத்திட்ட வெற்று வவுச்சர், வாய்மொழி அனுமதி, உரித்தெடுக்கக்கூடிய குறிப்பு எதுவும் செல்லாது. பெட்டி கேஷை (சில்லறைச் செலவுக்கான ரொக்கத்தை) மாதம் இருமுறை முன்னறிவிப்பில்லாமல் எண்ணுங்கள்.

மாதம் ஒருமுறை ஒரு மணி நேரத்தில் முடியக்கூடிய சோதனைகள் உண்டு. அனுமதி வரம்பு 50,000 என்றால் 48,000-க்கும் 50,000-க்கும் இடையில் எத்தனை பில், யாருடையவை? ஆர்டர் தேதி பில் தேதிக்குப் பிறகு வருவது எத்தனை? விடுமுறை நாளில் போட்ட பதிவுகள் எவை? பல அளவுகளில் ஆயிரக்கணக்கான தொகைகள் இருந்தால் பென்ஃபோர்டு விதியையும் பயன்படுத்தலாம்: இயல்பான கணக்கில் சுமார் 30 சதவீதத் தொகைகள் 1-ல் தொடங்கும், 4-ல் தொடங்குபவை 10 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. உங்கள் பட்டியலில் 4 மட்டும் புடைத்து நின்றால், வரம்புக்குக் கீழே பில்லைப் பிரித்துப் போட்டிருக்க வாய்ப்புண்டு. அது சந்தேகம்தான், சாட்சி அல்ல. நிலையான வாடகை, மாதக் கட்டணம் போன்றவை அதைச் சுலபமாகக் குழப்பிவிடும்.

படி 8: தகவல் சொல்ல வழி

மோசடி ஆய்வாளர்களுக்கான ஏ.சி.எஃப்.இ. சங்கத்தின் 2024 அறிக்கைப்படி, பணி சார்ந்த மோசடிகளில் 43 சதவீதம் யாரோ ஒருவர் தகவல் சொன்னதால்தான் வெளிவந்தன. அப்படிச் சொன்னவர்களில் பாதிக்கு மேல் ஊழியர்கள். தணிக்கையை நம்பி மட்டும் இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

குறைந்தது இரண்டு வழிகளாவது இருக்க வேண்டும், அதில் ஒன்று நிர்வாக இயக்குநரைத் தாண்டி இயக்குநர் குழுவுக்கோ வெளியாருக்கோ போக வேண்டும். சப்ளையர்களுக்கும் அந்த எண்ணைக் கொடுங்கள். ஒவ்வொரு ஆர்டரின் அடியிலும் அச்சடியுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019 உத்தரவு, புகார் கிடைத்ததை 7 நாளுக்குள் தெரிவிக்கவும், 3 மாதத்துக்குள் என்ன செய்தோம் என்று சொல்லவும் கேட்கிறது. எங்கே இருந்தாலும் இந்த இரண்டு கெடுவும் நல்ல அளவுகோல்.

இது கெடுவது பெரும்பாலும் ஒரே விதத்தில்: புகார் சொன்னவரை யாரும் வேலையை விட்டு நீக்கமாட்டார்கள், மெல்ல ஓரங்கட்டுவார்கள். எனவே சொன்னவரின் மதிப்பீடு, இடமாற்றம், சம்பள உயர்வு மூன்றையும் 6 மாதம் கழித்தும் 12 மாதம் கழித்தும் வேறொருவர் எடுத்துப் பார்க்க வேண்டும்.

படி 9: புகார் வந்தபின்

முதலில் ஆதாரம், பிறகுதான் விசாரணை. குற்றம் சாட்டப்பட்டவரைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டு அப்புறம் கணினியை எடுக்கப் போனால் காலியான கணினிதான் கிடைக்கும். மின்னஞ்சல், கணக்கு மென்பொருளின் பதிவுத் தடங்கள், கதவு நுழைவுப் பதிவு எல்லாவற்றையும் நகலெடுத்துப் பூட்டிய பிறகு, ஓரத்தில் இருப்பவரிடமிருந்து தொடங்கி கடைசியாகச் சம்பந்தப்பட்டவரிடம் வாருங்கள். அவருடைய மேலாளரை விசாரணைக் குழுவில் வைக்காதீர்கள். வழக்கறிஞரை முதல் நாளே கூப்பிடுங்கள், ஏனென்றால் எந்தக் கெடுவுக்குள் அதிகாரிகளிடம் தெரிவிக்க வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு மாறும்.

முடிவைப் பெயரில்லாமல் எல்லோருக்கும் சொல்லுங்கள்: எந்த ஓட்டை, என்ன நடவடிக்கை, ஓட்டையை எப்படி அடைத்தோம். அதிகம் விற்றுத் தரும் ஆள் என்று ஒருவரை விட்டுவிட்டால், முந்தைய எட்டுப் படிகளுக்கும் செலவழித்த காசு வீண்.

படி 10: அளப்பது

ஐ.எஸ்.ஓ. 37001 என்ற லஞ்ச எதிர்ப்பு நிர்வாகத் தரம் 2016-ல் வந்தது, 2025-ல் திருத்தப்பட்டது. சான்றிதழ் வாங்கினால் டெண்டர்களில் உதவும், ஆனால் ஆவணம் இருக்கிறதா என்று பார்ப்பதற்கும் அது வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்கும் தூரம் அதிகம். காலாண்டுக்கு ஒருமுறை 25 பில்களைக் குலுக்கல் முறையில் எடுத்து, பொருள் கிடைத்த இடம்வரை நடந்து போய்ப் பாருங்கள்.

முதல் ஆண்டில் புகார்கள் கூடும். பதறி வழியை மூடிவிட வேண்டாம், அதுவரை சொல்ல இடமில்லாமல் இருந்தவை அவை. நூறு பேர் இருக்கும் நிறுவனத்தில் ஆண்டு முழுவதும் ஒரு புகார்கூட வரவில்லை என்றால்தான், அந்த எண்ணை நீங்களே அழைத்து மறுமுனையில் யார் எடுக்கிறார்கள் என்று சோதிக்க வேண்டும். புதிய கிளை, புதிய நாடு, புதிய பொருள் எது வந்தாலும் முதல் படியில் வரைந்த படம் செல்லாது. அதை மறுபடி வரைந்த பிறகே அங்கே முதல் பில்லைப் பாஸ் செய்யுங்கள்.